பூனைக்குச் சேர வேண்டிய மஞ்சள் சட்டை

மார்ச் 3, திங்கள்

பழைய மோட்டார் சைக்கிள்காரர்கள் சங்கத்தில் பாதுகாப்புப் பிரிவுக்கு இந்த வருஷமும் நானே தலைவர். போட்டி இல்லை. ஆசைப்பட்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் போன மாதம் வண்டியோடு சாக்கடையில் இறங்கினார். இன்னொருவர் அதைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போய்க் கோழிக்கூண்டு ஏற்றிய வண்டியில் மோதினார்.

"வாத்தியார் இருக்கறப்ப நமக்கென்ன பயம்" என்று சங்கத் தலைவர் குன்டோரோ எல்லார் முன்னாலும் சொன்னார். ஏப்ரல் முதல் ஞாயிறு டியெங் மலைக்குச் சங்கப் பயணம். எல்லோருக்கும் முன்னால் நான், என் மஞ்சள் சட்டையில். செமாராங்கில் அளவு கொடுத்துத் தைத்தது. இருட்டிலும் பளபளக்கும் பட்டைகள், முதுகில் பெரிதாகப் 'பாதுகாப்பு' என்ற எழுத்து. எனக்குப் பின்னால் ரெட்னோ. கல்யாணமானதிலிருந்து அந்த இருக்கையில் அவளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

தொழிற்பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். விபத்து என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கவனமில்லாதவன் விழுகிறான், அவ்வளவுதான். ஆனால் சலாத்திகாவில் யார் விழுந்தாலும் இந்த ஊர் வாயில் ஒரே சொல்தான்: நல்லவேளை. கை உடைந்தால், நல்லவேளை இடது கை. இரண்டு கையும் உடைந்தால், நல்லவேளை கால் இருக்கிறது. போன வாரம் ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது, "நல்லவேளையாவது ஒண்ணாவது, வளைவுல எதுக்கு முந்தினீங்க?" என்று கேட்டேன். ரெட்னோ என் தொடையில் கிள்ளினாள். இன்னும் வலிக்கிறது.

மார்ச் 5, புதன்

பக்கத்து வீட்டுப் பாய்மின் ஓஜெக் ஓட்டுகிறவன். பின்னால் ஆளை ஏற்றிப் பிழைக்கிறான். இன்று வாயில் சிகரெட், ஒரு கையில் போன், பின்னால் இரண்டு பெண்கள், அவர்களுக்கு நடுவில் ஒரு கூடை வாத்து. சிரித்துக்கொண்டே போனான். விழமாட்டேன் என்கிறான்.

மார்ச் 8, சனி

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

அம்பராவாவில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. மர்னியின் நூடுல்ஸ் கடை வளைவு. மெதுவாகத்தான் வந்தேன். முகப்பு விளக்கு எரிந்தது. முன் சக்கரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பின் சக்கரம் மட்டும் எதன் மேலோ ஏறி இறங்கியது.

"பூனைங்க! நிறுத்துங்க!" என்று ரெட்னோ கத்தினாள்.

நான் நிறுத்தவில்லை. வளைவில் வண்டியை நிறுத்துவது என் விதிகளில் முதல் குற்றம். வளைவு தாண்டி, அரிசி ஆலைச் சுவரோரம் விளக்குப் போட்டு ஒதுக்கி, ஸ்டாண்டு இட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, நடந்து திரும்பி வந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. ரத்தம் இல்லை, ஒரு முடி இல்லை.

மர்னி கரண்டியோடு நின்றிருந்தாள். "கறுப்பும் வெள்ளையுமா ஒண்ணு, வாத்தியாரே. உங்க சக்கரத்துக்கு அடியில போச்சு. அப்புறம் எங்க போச்சுன்னு பாக்கல, அடுப்புல நூடுல்ஸ் கருகுது."

"கல்லா இருக்கும்" என்றேன்.

"கல்லுக்கு வாலு இருக்குமாங்க?" என்றாள் ரெட்னோ.

மிச்ச வழி முழுக்க அவள் என் இடுப்பைப் பிடிக்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் காப்பிக்கு உட்கார்ந்தால், மேசை மேல் மஞ்சள் சட்டை மடித்து வைத்திருக்கிறது.

"நேத்து இதைத்தானே போட்டிருந்தீங்க. இதுலதான் சுத்திப் புதைக்கணும்."

"எதை?"

"பூனையை."

"பூனை எங்க?"

"அதைத்தான் நீங்க தேடணும்."

பூனையை அடித்தவன் அப்போது போட்டிருந்த சட்டையிலேயே அதைச் சுற்றிப் புதைக்காவிட்டால் அடுத்த விபத்து அவனுக்குத்தான் என்று இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிவது வேறு, நம்புவது வேறு. சக்கரத்தின் பிடிப்பு, சாலையின் ஈரம், கண்ணில் பட்டதிலிருந்து கை பிரேக்கைப் பிடிக்கும் வரை ஆகும் நேரம், எல்லாம் விளக்கினேன். இதில் பூனைக்கு எந்த வேலையும் இல்லை என்றேன். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுக்கொண்டே என் தட்டில் வறுத்த சோயாத் தெம்பே இன்னும் இரண்டு துண்டு வைத்தாள்.

"புதைக்கிற வரைக்கும் உங்க பின்னாடி உட்கார மாட்டேன்" என்றாள்.

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். தெம்பே வைத்துக்கொண்டே சொல்பவளை என்ன செய்வது?

முழங்கை கிழிந்த பழைய பழுப்பு பாத்திக் சட்டை ஒன்றை எடுத்துக் காட்டினேன். "இதுல புதைச்சா ஆகாதா? பூனைக்கு என்ன தெரியும்?"

"பூனைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

மார்ச் 11, செவ்வாய்

ரெட்னோ சந்தைக்குப் போனாள். பாய்மின் வண்டியில்!

"அவன் ஓட்டுறதெல்லாம் ஓட்டமா? அவன் பின்னாடியா போற?"

"அவன் மூணு பூனையைப் புதைச்சிருக்கான்."

மூன்று பூனையைப் புதைத்தவன் மூன்று பூனையை அடித்தவன் அல்லவா? இதை இந்தத் தெருவில் ஒருவரும் யோசிப்பதில்லை. வாழ்நாளில் ஒன்று, அதுவும் சந்தேகத்துக்கு இடமான ஒன்று, அது என் பேரில். நான் பாவி, அவன் புண்ணியவான். "பாவம், போட்டுக்க அவன்கிட்ட சட்டையே மிச்சமில்லை" என்று இவள் பரிதாபம் வேறு படுகிறாள்.

மார்ச் 15, சனி

ரோண்டே இஞ்சிச்சாற்றுக் கடையில் சங்கக் கூட்டம். எனக்கு முன்னால் பூனைச் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் ஒருவர் வாயிலும் பூனை என்ற சொல் வரவில்லை. நம்மவர்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

டியெங் பயணத்தில் எனக்கு அடுத்த வண்டி யார் என்று கேட்டேன். எல்லோரும் இஞ்சிச் சாற்றை ஊதி ஊதிக் குடித்தார்கள். ஒருவருக்கு வண்டிச் சங்கிலி தொய்ந்திருந்தது. ஒருவருக்கு மஞ்சள் நிறத்தைப் பார்த்தால் கண் கூசுகிறதாம், டாக்டர் சொன்னாராம்.

"வாத்தியாரே, இந்தத் தடவை நீங்க நடுவுல வந்தா என்ன? நடுவுலதான் பாதுகாப்பு ரொம்பத் தேவைப்படுது" என்றார் குன்டோரோ.

உடனே நடுவில் வருகிறவர்களுக்கும் சங்கிலி தொய்ந்துவிட்டது.

"அப்ப கடைசியில? கடைசியில வந்தா எல்லாரையும் பார்த்துக்கலாம்."

"நான் முன்னாடிதான் வருவேன்" என்றேன். "சரி, சரி, ரொம்பச் சரி" என்றார்கள் எல்லோரும். இந்த ஊரில் மூன்று தடவை 'சரி' சொன்னால் நடக்காது என்று பொருள்.

பிரேக் பிடிப்பது பற்றிய பாடத்தை விடாமல் நடத்தினேன். பயபக்தியோடு கேட்டார்கள். வெளியே வந்தால், என் வண்டிக்கு இந்தப் பக்கம் ஒரு வண்டி இடமும் அந்தப் பக்கம் ஒரு வண்டி இடமும் விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி.

மார்ச் 17, திங்கள்

பள்ளிவாசல் பெரியவரிடம் போய்க் கேட்டேன். "மார்க்கத்துல இப்படியெல்லாம் எதுவும் இல்லைங்க" என்று திட்டமாகச் சொன்னார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. ரெட்னோ முன்னால் வந்து இதையே சொல்ல முடியுமா என்றேன். வாசல் வரை வந்தார், என் வண்டியைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ஆனாலும் ஒரு உசுரு பாருங்க. ஒரு சட்டைதானே, குடுத்துட்டா என்ன குறைஞ்சுடப் போகுது?"

வீட்டில் கொண்டு விடட்டுமா என்றேன். நடந்தால் உடம்புக்கு நல்லது என்றார்.

மார்ச் 20, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

மர்னி கடைப் பெஞ்சுக்கு அடியில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பூனை. பின்னங்கால் நொண்டுகிறது. உயிரோடு இருக்கிறது! உயிரோடு இருப்பதை யார் புதைப்பது? வீட்டுக்கு ஓடி ரெட்னோவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நடந்துதான்; வண்டியில் ஏறமாட்டாளே.

"இதுவா?" என்றாள் மர்னி. "இது பொறந்ததுலேருந்தே நொண்டி. இதுக்கு ஒரு தங்கச்சி உண்டு, அச்சு அசல் இதே நிறம். கொஞ்ச நாளா அதைத்தான் காணோம்."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. ரெட்னோ மீன் தலை ஒன்று வாங்கி, பெஞ்சுக்கு அடியில் குனிந்து, அக்காவுக்குத் துக்கம் விசாரிப்பது போலக் கொடுத்துவிட்டு வந்தாள்.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் பாய்மின் ஒரு சாக்கோடு வந்தான்.

"வாத்தியாரே, பெரிய ரோட்டுல கிடந்துச்சு. எவனோ லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிருக்கான். உங்களுக்கு உதவும்னு எடுத்தாந்தேன்."

திறந்து பார்த்தேன். "டேய், இது செவலைடா!"

"மண்ணுக்குள்ள போனா எல்லாம் ஒரே நிறம்தானே வாத்தியாரே."

ஒரு நிமிஷம் யோசித்தேன். யோசித்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. நாலு பிள்ளைகளுக்கு இயந்திரம் சொல்லிக் கொடுக்கிறவன், யாரோ கொன்ற பூனையைக் கடன் வாங்கிப் புதைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்று விரட்டினேன். அவன் வருத்தப்பட்டான். தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றி, மூங்கில் தோப்புப் பக்கம் அவனே புதைத்துவிட்டு வெறும் உடம்போடு வந்தான். ரெட்னோ உள்ளே போய் என் பழுப்பு பாத்திக்கை எடுத்துக் கொடுத்தாள்.

நாலு ஆயிற்று அவனுக்கு.

மார்ச் 29, சனி

எனக்கு ஓட்டம் கெட்டுப்போய்விட்டது. இதை வெளியில் சொல்ல முடியாது. இன்று ஒரு பிளாஸ்டிக் பைக்காக அழுத்திப் பிரேக் போட்டேன். பின்னால் வந்தவன் என் தலையில் இடிக்காத குறையாக வளைத்து ஒதுங்கி, என் பரம்பரையையே திட்டிக்கொண்டு போனான். நேற்று ஒரு நிழலுக்குப் போட்டேன். பயந்து ஓட்டுகிறவன்தான் சாலையில் எல்லாருக்கும் ஆபத்து என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான்.

பின் இருக்கை காலியாக இருந்தால் வண்டியே வேறு. குழியில் பின் சக்கரம் துள்ளுகிறது. ஒவ்வொரு வளைவிலும் அவள் பாரம் சேர்ந்து சாயும் என்று உடம்பு எதிர்பார்க்கிறது, சாய்வதில்லை. டியெங்குக்கு வரவில்லை என்று இன்றைக்கும் சொல்லிவிட்டாள். சந்தையிலிருந்து பாய்மினோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலில் நான் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பூனை செத்த நாளிலிருந்து என் எதிரில் அவள் சிரிக்கவில்லை.

செத்ததா என்றே தெரியவில்லை. நானே செத்தது என்று எழுதுகிறேன்!

எனக்கு அவள் பின்னால் உட்கார வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். தலைவர் பதவியும் வேண்டாம், டியெங்கும் வேண்டாம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும், அவள் மீண்டும் கண்ணயர்ந்த நேரத்தில், குளியலறைக்குப் பின்னால் பப்பாளி மரத்தடியில் தோண்டினேன். சட்டையைப் 'பாதுகாப்பு' உள்பக்கம் போகும்படி மடித்தேன். சுற்ற உள்ளே எதுவும் இல்லை. இருந்தாலும் எதையோ சுற்றுகிற மாதிரித்தான் மடித்தேன். கடைசியில் ஒரு பிரார்த்தனையும் சொன்னேன் — அக்காவோ தங்கச்சியோ, எந்தப் பூனையோ, அதற்கு.

முட்டாள் மாதிரி இருந்தது. கை கழுவும்போது மனசு லேசாகவும் இருந்தது. ஏன்?

அவளிடம் எப்படிச் சொல்வது? நம்பிக்கை இல்லாமல்தான் புதைத்தேன் என்றால் அது செல்லுமா? நாளைச் சாயங்காலம் சொல்கிறேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது.

புதன்கிழமை சாயங்காலம் நல்ல மழை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன். சந்தை முக்கில் சிவப்பு விளக்கு. நின்றேன். கோட்டுக்குப் பின்னால், இடது ஓரமாக, கால் ஊன்றி, பின்விளக்கு எரியும்படி பிரேக்கை அழுத்திக்கொண்டு, புத்தகத்தில் படம் போடலாம் அந்த மாதிரி நின்றேன். மேலே கறுப்பு மழைக்கோட்டு. மஞ்சள் சட்டைதான் பப்பாளி மரத்தடியில் இருக்கிறதே.

நின்றாலும் பின்கண்ணாடியைப் பார், வருகிறவன் வேகம் குறைக்காவிட்டால் விலகு என்பது என் விதி. பார்த்தேன். என் பழுப்பு பாத்திக்கில் பாய்மின் வந்துகொண்டிருந்தான். வேகம் குறையவில்லை. விலக வலது பக்கம் தாராளமாக இடம் இருந்தது. கையும் காலும் தயாராக இருந்தன.

பின்னால் ரெட்னோ. தலைமேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். இதை வேறு எங்கும் சொல்லப்போவதில்லை, இங்கே மட்டும்.

அப்புறம் சத்தம். என் இடது கால் என் வண்டிக்கு அடியில். பாய்மின் வண்டி என் மேல் முட்டிக்கொண்டு நேராக நின்றது. அவனுக்கு ஒரு கீறல் இல்லை. ரெட்னோ முட்டைக்கோஸ் கூடையோடு அவன் முதுகில் மோதியதோடு சரி.

"ஐயோ வாத்தியாரே! மஞ்சச் சட்டை போட்டிருந்தா தூரத்துலயே பாத்திருப்பேனே! அது எங்க?" என்று அலறினான் பாய்மின்.

ஹெல்மெட்டோடு என் தலையை மடியில் எடுத்து வைத்திருந்த ரெட்னோவும் குனிந்து பார்த்தாள். "ஆமாங்க, அது எங்க?"

மழையில், நடுரோட்டில், சந்தை ஜனம் முழுக்கச் சுற்றி நிற்க, சொன்னேன். புதைத்துவிட்டேன் என்று.

பாய்மினுக்குத்தான் முதலில் வெளிச்சம் வந்தது. "அப்ப அதனாலதான் காலோட போச்சு! நல்லவேளை!"

"நல்லவேளை, நல்லவேளை" என்றது சந்தை முழுவதும். மீன்காரி கூட.

"அறிவிருக்கா உங்களுக்கு? புதைச்சதாலதான்டா அவன் என்னைப் பாக்கல!" என்று கத்தினேன். எவன் கேட்டான்?

"உங்களுக்குத்தான் நம்பிக்கையே இல்லையே. எதுக்குங்க புதைச்சீங்க?" என்று ரெட்னோ மெதுவாகக் கேட்டாள்.

"நீ பின்னாடி உக்காரணும்னுதான்டி."

இத்தனை வருஷத்தில் தெருவில் வைத்து அவளை 'டி' போட்டதில்லை. அவள் அழுதாள். அழுதுகொண்டே எழுந்து பாய்மினைத் திட்டினாள் பாருங்கள், அப்படி ஒரு திட்டு. மூன்று பூனை, நாலு பூனை எல்லாம் சேர்த்துத் திட்டினாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

டியெங் பயணம் நல்லபடி முடிந்தது. குன்டோரோ இனிப்பு டப்பாவோடு நேராக இங்கே வந்தார். "ஒருத்தர் கூட விழலை வாத்தியாரே. எல்லாம் உங்க பாடம்" என்றார். வாசலில் ரெட்னோவிடம், "எல்லாம் அந்தப் புதைச்ச புண்ணியம்" என்றாராம்.

பார்க்க வருகிறவர்கள் இரண்டு கட்சி. சட்டையைப் புதைத்ததால்தான் மோதினான் என்று நான் சொல்கிறேன். புதைத்ததால்தான் காலோடு போயிற்று என்று மற்ற எல்லோரும் சொல்கிறார்கள். என் கட்சியில் நான் ஒருவன்தான். காலும் என்னுடையது என்பதால் வாக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 19, சனி

பாய்மின் என் வண்டியை நிமிர்த்தி, நெளிவெடுத்துக் கொண்டுவந்து விட்டான். கூலி வாங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் அன்றைக்கும் அவன் விழவில்லை. மோதினான், அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரெட்னோ வண்டி பழகுகிறாள்! என் பள்ளி மைதானத்தில், என் வண்டியில். என்னைக் கேட்டிருந்தால் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டேனா?

"உங்ககிட்ட கத்துக்கிட்டா வண்டியில ஏர்றதுக்கே ஒரு வருஷம் ஆகுமே" என்கிறாள்.

சொல்லிக் கொடுப்பது யார் என்று எழுதக் கை கூசுகிறது. வாயில் சிகரெட்டோடு சொல்லிக் கொடுக்கிறான்.

மே 12, திங்கள்

மாவுக்கட்டைக் காட்டி வர ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரெட்னோ ஓட்டினாள். நான் பின்னால், கட்டுப் போட்ட காலை வெளியே நீட்டிக்கொண்டு.

பின்னால் உட்கார்ந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. அவள் ஹெல்மெட்டின் பின்பக்கம், அதில் ஒரு கீறல், அவ்வளவுதான் உலகம். என்ன வருகிறது, எப்போது திரும்பப் போகிறாள், பார்த்தாளா, பார்க்கவில்லையா, ஒன்றும் தெரியாது. இல்லாத பிரேக்கை என் நல்ல கால் அழுத்திக்கொண்டே வந்தது. இரும்புக் கைப்பிடியைக் கை வலிக்கப் பிடித்திருந்தேன். கல்யாணத்திலிருந்து இவள் இப்படியா வந்துகொண்டிருந்தாள், என் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு? அதிலும் நான் விதி சொல்லிக்கொண்டே ஓட்டுவேன்.

மர்னி கடை வளைவில் வண்டியை நிறுத்திவிட்டாள். நட்டநடு வளைவில்! விளக்கும் போடவில்லை, கண்ணாடியும் பார்க்கவில்லை. என் முதல் விதி. வாயைத் திறந்துவிட்டேன். பின்னால் ஒரு லாரி கிறீச்சென்று வந்து, என் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

முன்னால் அந்த நொண்டிப் பூனை மீன் தலையைக் கவ்விக்கொண்டு சாவகாசமாகக் கடந்துகொண்டிருந்தது. அதன் பின்னால், அதே கறுப்பு வெள்ளையில், கொழுகொழுவென்று இன்னொன்று.

"தங்கச்சி வந்துட்டா!" என்று கடைக்குள்ளிருந்து மர்னி கத்தினாள். "எங்கேயோ போய்க் குட்டி போட்டுட்டு வந்திருக்கா, வாத்தியாரே!"

லாரிக்காரன் ஹாரனை அமுக்கித் திட்டினான்.

"நல்லவேளை" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

ரெட்னோவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாள் என்று தெரிந்தது, முகம் தெரியவில்லை. "என்ன சொன்னீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. ஓட்டு."

கைப்பிடியை விட்டுவிட்டு அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.